கல்லாப்பெட்டியும் நகரமன்ற நாற்காலியும்

"நமக்கு எதற்கு அந்தச் சாக்கடை?"

நகரமன்றத் தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் கடைவீதிப் பெரியவர்களின் நாவிலிருந்து முதலில் உதிர்வது இந்த வாக்கியந்தான். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு தூய்மை வந்து அமர்ந்துகொள்ளும். ஆனால், மூன்று மாதமாகத் தூர் வாரப்படாமல் அவர்களுடைய கடை வாசலில் தேங்கிக் கிடக்கிறதே வாறுகால், அதுவும் சாக்கடைதான். அதைத் தூர் வார வேண்டியவர் யார், வாராமல் விட்டவர் யார், அவரைத் தட்டிக் கேட்க வேண்டியவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை நகரமன்றக் கட்டடத்துக்குள் இருக்கிறது. அந்தப் படியை நாம் மிதிக்க மாட்டோம். கொசு மட்டும் நம் வீட்டுப் படியைத் தாராளமாக மிதித்துக்கொண்டிருக்கும்!

அவர்கள் காட்டும் காரணமும் எனக்குத் தெரியாததன்று. வியாபாரி எல்லோருக்கும் பொதுவானவன். ஒரு சின்னத்தின்கீழ் நின்றுவிட்டால் மற்றச் சின்னத்துக்காரன் கடைக்கு வரமாட்டான். வெற்றி பெற்றால் பகை, தோற்றால் நட்டம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே பெரியவர், தேர்தல் காலத்தில் கல்லாவைத் திறந்து மூன்று கட்சிக்காரர்களுக்கும் மூன்று உறைகள் எடுத்துக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆளுக்கேற்றபடி உறையின் கனம் மாறும். கொடுப்பது மட்டும் மாறாது. அரசியலே வேண்டாம் என்கிறவர் அரசியலுக்கு ஆண்டாண்டாக வாடகை செலுத்திக்கொண்டிருக்கிறார் என்பதுதான் உண்மை. வாடகை கொடுக்கிறவருக்கு அந்த வீட்டில் ஒழுகும் ஓட்டைக் காட்டிக் கேட்கும் உரிமையாவது உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

2016 அக்டோபரில் நகர்ப்புற மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேலான காலம் தனி அலுவலர்கள் நம் ஊர்களை ஆண்டார்கள். வரி கட்டினோம், கணக்குக் கேட்க மன்றம் இல்லை. அதைப் பற்றி நம் வணிகர் கூட்டங்களில் ஒரு குரல் எழுந்ததா என்றால், இல்லை. பின்னர் மன்றங்கள் அமைந்த சில வாரங்களிலேயே, 2022 ஏப்ரலில், சொத்துவரி உயர்வு அறிவிக்கப்பட்டது. 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு; நம்போன்ற ஊர்களின் வணிகக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடு. அப்போதுதான் கடைவீதி கொதித்தது. தீர்மானம் மன்றத்தில் வந்தபோது எழுந்து நின்று, சிறு கடைக்கும் பெருங்கடைக்கும் ஒரே விழுக்காடு தகுமா என்று கேட்கக்கூடிய வியாபாரிகள் எத்தனை பேரை நாம் உள்ளே அனுப்பியிருந்தோம்? சாக்கடை என்று ஒதுங்கியவர்களுக்கு வரிச்சீட்டு மட்டும் வீடு தேடி வந்தது.

நிற்க. இவர்களோடு என் வழக்கு சிறிது. பெரிய வழக்கு, நிற்கிற வியாபாரிகளோடு.

ஏனெனில் ஒதுங்கி நிற்கிறவர் தம் கடமையைத்தான் விடுகிறார். கல்லாவைக் காப்பதற்காகவே மன்றத்துக்குள் நுழைகிறவர் ஊரின் உரிமையையே எடுத்துக்கொள்கிறார். "தொழிலுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டாமா?" என்பது இவர்களுடைய தாரக மந்திரம். எதனிடமிருந்து பாதுகாப்பு? துப்புரவு ஆய்வாளரிடமிருந்து, கட்டட அளவெடுக்கும் ஊழியரிடமிருந்து, ஆக்கிரமிப்பு அகற்றும் வண்டியிடமிருந்து, உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பிடமிருந்து. சுருங்கச் சொன்னால், ஊருக்காக ஊர் எழுதிவைத்த விதிகளிடமிருந்து! விதியிலிருந்து தப்புவதற்கு விதி செய்யும் இடத்திலேயே ஓர் இருக்கையைப் பிடித்துக்கொள்வதை எந்த வாயால் பொதுத்தொண்டு என்பது?

இந்தப் பேச்சைப் பேசுவதற்கு விருதுநகரைவிடப் பொருத்தமான மண் வேறில்லை. விருதுபட்டியாக இருந்த காலத்திலிருந்தே அது வியாபாரத்தால் எழுந்த ஊர். பருப்பும் எண்ணெயும் மிளகாய் வற்றலும் அந்தச் சந்தையில் என்ன விலை என்பதை நாடெங்கும் நாளிதழ் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அந்த ஊர் நாடார் வணிகர்கள், சர்க்கார் வரி விதிப்பதற்கு முன்னே, தமக்குத் தாமே ஒரு வரி விதித்துக்கொண்டார்கள். அதற்கு மகமை என்று பெயர். விற்கும் சரக்கில் இவ்வளவு என்று எடுத்துவைத்து, அதில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வீட்டுப் பெண்கள் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்தார்கள். அந்தப் பிடி அரிசியிலும் பள்ளிக்கூடம் வளர்ந்தது. அந்தப் பள்ளியில்தான் காமராசர் படித்தார். கடைக்காரன் பொதுப்பணம் என்றால் என்னவென்று அறியாதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அறிவான். தன் கையில் அது மகமையாக இருக்கும்போது அதன் காலணாவுக்கும் கணக்கு வைப்பான். அதுவே நகரசபை நிதியாக மாறும்போதுதான் அவனுக்கு மறதி வருகிறது.

காமராசரின் கதையையே எடுத்துக்கொள்வோம். மாமனின் ஜவுளிக்கடையில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளை அவர். வரி செலுத்துகிறவனுக்கே நகரசபையில் இடமென்று இருந்த காலம் அது. சொத்தில்லாத அவர் தேர்தலில் நிற்பதற்காக, பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் ஓர் ஆட்டை வாங்கி அவர் பெயருக்கு வரி கட்டினார் என்றொரு செய்தி எங்கள் பக்கத்தில் இன்றும் வழங்குகிறது. 1941இல் அவர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் விடுதலையாகி வந்தார், மன்றத்துக்குச் சென்றார், பதவியை விட்டு விலகிவிட்டார். முழுமையாகச் செய்ய இயலாத பொறுப்பை வைத்துக்கொண்டிருக்கலாகாது என்பது அவருடைய எண்ணம். சொந்த ஊரின் முதல் நாற்காலி! நம்மில் ஒருவருக்கு அது கிடைத்திருந்தால், பதவி ஏற்ற படத்தைக் கடையில் மாட்டிவிட்டு, மன்றக் கூட்டத்துக்கு மட்டும் போகாமல் ஐந்தாண்டும் இருந்திருப்போம்.

அதற்கும் முன்னே ஒருவர் உண்டு. பட்டிவீரன்பட்டி வணிகக் குடும்பத்தில் பிறந்த டபிள்யூ. பி. ஏ. சவுந்திரபாண்டியன், 1920களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தார். விருதுநகரும் சிவகாசியும் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தன. தாழ்த்தப்பட்டவர்களைப் பேருந்தில் ஏற்றமாட்டோம் என்றிருந்த முதலாளிகளுக்கு அவர் ஆணை பிறப்பித்தார்: ஏற்றாவிட்டால் உரிமம் கிடையாது. உரிமம் என்ற அதே காகிதந்தான். அதை எடுத்து அவர் தம்மைப்போன்ற முதலாளிகளின் கையைத் திருகினார், எளியவன் ஒருவன் வண்டியில் உட்காருவதற்காக. நாம் அதைக்கொண்டு நம் கடைத் தாழ்வாரத்தைக் காப்பாற்றிக்கொள்கிறோம்.

நம் குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு இன்னும் பழைய விடையொன்று உண்டு. ஜும்ஆ பயான்களில் கேட்டதுதான். கேட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிவிடுகிறோம். முதல் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் துணி வணிகர். பொறுப்பேற்ற பிறகும் வழக்கம்போலத் துணிமூட்டையைத் தோளில் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டார்கள். எதிரே வந்த உமர் (ரலி) அவர்கள், மக்களின் பொறுப்பைச் சுமந்துகொண்டு சந்தைக்கா போகிறீர்கள் என்று தடுத்தார்கள். என் பிள்ளைகள் எதைச் சாப்பிடுவார்கள் என்பது அபூபக்கர் (ரலி) அவர்களின் மறுகேள்வி. அதன் பின்னரே பொதுநிதியிலிருந்து அவர்களுக்கு ஒரு படி நிர்ணயிக்கப்பட்டது, கடை மூடப்பட்டது. மரணத்தறுவாயில் அந்தப் படியையும் பொதுநிதிக்குத் திருப்பிச் செலுத்தச் சொன்னார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இந்நிகழ்ச்சியை எளிமைக்கு உதாரணமாக மட்டுமே நமக்குச் சொல்லித் தந்தார்கள். எனக்கென்னவோ இதில் எளிமையைவிட வியாபார அறிவுதான் அதிகம் தெரிகிறது. ஆட்சியாளர் சந்தையில் துணி விரித்தால், அவரிடம் பேரம் பேச யாருக்குத் துணிவு வரும்? பக்கத்துக் கடைக்காரன் கதி என்ன? விற்பது நேர்மையான சரக்காகவே இருக்கலாம், விற்கிறவரோ அப்பழுக்கற்றவர். ஆனாலும் தராசு தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதை உமர் (ரலி) அவர்கள் கண்டார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டில் நகரமன்ற உறுப்பினருக்கு மாதப் படி வருவதற்கு 2023ஆம் ஆண்டு ஆயிற்று: மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000 ரூபாய், நகராட்சி உறுப்பினருக்கு 5,000 ரூபாய். இதை வைத்துக்கொண்டு யாரும் கடையை மூட முடியாதுதான். மூடச் சொல்லவும் இல்லை. தராசைச் சாய்க்காதே என்கிறேன்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்திலிருந்தே, நகரசபையோடு நடப்பிலுள்ள ஒப்பந்தத்தில் பங்கு கொண்டவர் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்ற விதி உண்டு. நன்று! விதி வந்த மறுநாளே மச்சானும் பிறந்துவிட்டான். சாலை போடும் ஒப்பந்தம் மச்சான் பெயரில். சிமெண்டு வழங்குவது தம்பியின் மருமகன் பெயரில். வாகன நிறுத்தக் குத்தகை கடையில் கணக்கெழுதுகிறவர் பெயரில். ஹலால், ஹராம் என்று வட்டிக் கணக்கை நுணுகிப் பார்க்கிற நம் மனிதர்களும் இந்தக் கணக்கில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். வட்டி வாங்கினால் கடன் வாங்கியவன் ஒருவன் வயிறு எரிவான். போட்ட ஆறாம் மாதம் பெயர்ந்துபோகும் சாலையில் ஊரே விழுந்து எழும்புகிறது.

பிறரைச் சொல்லிக்கொண்டே போவது எளிது. நான் நின்ற கதையையும் சொல்லவேண்டும். இல்லையென்றால் இதை எழுதும் யோக்கியதை எனக்கில்லை.

1996இல், பட்டாசு வட்டாரத்து நகர் ஒன்றில், என் காகிதக் கடை இருந்த வார்டில் சுயேச்சையாக நின்றேன். வென்றேன். முதல் ஆண்டு நான் கெட்ட உறுப்பினனல்லன். தெருவிளக்கு எரிந்தது, குடிநீர் வரும் நாளைப் பலகையில் எழுதவைத்தேன். இரண்டாம் ஆண்டு, எங்கள் தெருமுனையை அகலப்படுத்த வேண்டுமென்று ஒரு தீர்மானம் வந்தது. வாறுகாலின்மேல் கட்டிய படிகளையும் தகரச் சாய்ப்புகளையும் அகற்றவேண்டும். அவற்றில் மூன்று படிகளும் ஒரு சாய்ப்பும் என்னுடையவை. நான் எழுந்தேன். சிறு வணிகரின் வாழ்வாதாரம் பற்றி அரைமணி நேரம் பேசினேன். என் வாழ்நாளில் அத்தனை நன்றாக நான் பேசியதில்லை. மேசையைத் தட்டினார்கள். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. வெளியே வந்தபோது கடைக்காரர்கள் மாலையோடு நின்றார்கள். அந்த மாலையை நான் கழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு தீபாவளிக்கு நான்கு நாள் முன்னே, தெருவின் உட்கோடியில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் அடுக்கியிருந்த பட்டாசு பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்தது. தெருமுனையில் திரும்ப முடியவில்லை. என் படிகளை உரசிக்கொண்டு நின்றது. குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். உயிர்ச்சேதமில்லை என்று மறுநாள் பத்திரிகையில் நான்கு வரி வந்தது. அந்தக் கடையில் வேலைக்கு நின்ற பையனின் இரு கைகளும் வெந்துபோனதற்கு அந்த நான்கு வரியில் இடமில்லை. இன்று அவருக்கு நாற்பது வயதுக்கு மேலாகிறது. வலக்கை விரல்கள் மடங்கா. தொழுகைக்கு வரும்போது செருப்பை இடக்கையால் கழற்றுவார். எனக்கு ஸலாம் சொல்வார். என் மன்ற உரையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஸலாமுக்குப் பதில் சொல்லும்போது என் நா எழுவதில்லை.

இது எங்கள் தெருவோடு முடிந்த கதையா? 2016 அக்டோபர் 20 அன்று, சிவகாசி புறவழிச்சாலையில் ஒரு பட்டாசுக் கிடங்கில் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது தீ மூண்டது. அடுத்த கட்டடம் ஸ்கேன் பரிசோதனை நிலையம். நோயைக் கண்டறிய வந்தவர்களும், அங்கே வேலை பார்த்தவர்களுமாகக் குறைந்தது எட்டுப் பேர் புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். ஆலை விபத்து என்றால் நமக்கு முதலிப்பட்டி நினைவுக்கு வரும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் அங்கே ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். ஆலைக்கு வெடிபொருள் துறையின் உரிமம், மாவட்ட நிர்வாகத்தின் சான்று, தொழிலகப் பாதுகாப்பு ஆய்வு என்று பல கைகள் உண்டு. நகரமன்ற உறுப்பினரின் கைக்கு அது எட்டாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் ஊருக்குள் எந்தக் கட்டடம் எதற்குப் பயன்படுகிறது, தெரு எத்தனை அடி, எந்த மாடியில் மின்கம்பிக்குப் பக்கத்தில் எது அடுக்கியிருக்கிறது என்பதெல்லாம் வார்டு உறுப்பினர் நாள்தோறும் நடந்துபோகும் வழியிலேயே இருக்கின்றன. அவர் வியாபாரியாகவும் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். எந்தக் கடையில் சீசனுக்கு எத்தனை பெட்டி இறங்குகிறது என்பதை அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வியாபாரி மன்றத்துக்கு வரவேண்டும் என்று நான் வாதாடுவதற்குக் காரணமே இதுதான். அவருக்குத் தெரியும்! தெரிந்தவர் வாய் திறந்தால் ஊர் பிழைக்கும். தெரிந்தவரே வாயை மூடிக்கொள்வதற்காக உள்ளே போனால், தெரியாதவர் நூறு பேர் இருந்தும் பயனில்லை.

இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. வார்டு பெண்கள் வார்டாகிவிட்டால் நம் வியாபாரி என்ன செய்கிறார்? மனைவியை நிறுத்துகிறார். சுவரொட்டியில் கணவருடைய படம் பெரிது. மனைவியுடைய பெயர் சிறிது. வென்ற பிறகு மனைவி கையொப்பமிடுகிறார். கணவர் "கவுன்சிலர்" என்று அழைக்கப்படுகிறார், அழைத்தால் திரும்பியும் பார்க்கிறார்! நம் வீடுகளில் பிடி அரிசிக் கணக்கிலிருந்து பிள்ளையின் கல்லூரிக் கட்டணம்வரை நிர்வகிக்கிறவர் அந்த அம்மாள்தான். குழாயில் தண்ணீர் எந்தக் கிழமை வரும், எந்தக் கிழமை கலங்கலாக வரும் என்பது அவருக்குத் தெரியும். கல்லாவில் இருக்கிற நமக்குத் தெரியாது. மன்றத்தில் அவர் பேசினால் நம்மைவிட நன்றாகப் பேசுவார். பேசவிடாமல் செய்வது மார்க்கத்தின் பெயரால் வேண்டா. அந்த நாற்காலி நமக்கு வேண்டும் என்ற ஆசையின் பெயரால் செய்கிறோம், அதை ஒப்புக்கொள்வோம்.

"நம்ம ஆள் ஒருவர் உள்ளே இருக்கட்டும்" என்று பள்ளிவாசல் திண்ணையில் கேட்கப்படும் வாக்கைப் பற்றியும் ஒரு சொல். இருக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் நம்ம ஆளின் வார்டில் நம் தெரு மட்டும் இல்லை. பக்கத்துத் தெருவில் தீப்பெட்டி ஆலைக்கும் அச்சகத்துக்கும் விடியற்காலையில் புறப்படும் பெண்கள் இருக்கிறார்கள். கௌசிகா ஆற்றில் கலக்கும் கழிவுநீரின் நாற்றம் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே வருகிறது. நம்ம ஆள் என்பதற்காக வாக்குப் பெற்றவர், நம்ம ஆட்களின் ஆக்கிரமிப்பை மட்டும் காப்பாற்றிவிட்டு வந்தால், அடுத்தமுறை பக்கத்துத் தெரு நம்மைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். அந்தப் பார்வைக்கு விலை கொடுப்பவர்கள் நம் பிள்ளைகள்.

ஆகவே, நிற்க விரும்பும் வணிக அன்பரிடம் நான் கேட்பது அதிகமன்று. வேட்புமனுவில் சொத்தை எழுதுவதோடு நில்லாமல், ஒரு தாளில், உங்களுக்கும் உங்கள் உறவினர்க்கும் நகரமன்றத்தோடு உள்ள கொடுக்கல் வாங்கல் அத்தனையும் எழுதிக் கடை வாசலில் ஒட்டுங்கள்: எந்தக் கடை நகரமன்ற வாடகைக் கடை, எந்த ஒப்பந்தம் யார் பெயரில், எந்த உரிமம் காலாவதியாகிக் கிடக்கிறது, வரி பாக்கி எவ்வளவு. உங்கள் தெருவின் பொருள் மன்றத்துக்கு வரும் நாளில், எழுந்து வெளியே போய் உட்காருங்கள். நான் போயிருக்க வேண்டும், போகவில்லை. பகுதிசபை என்று ஒன்று இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று அது தமிழகத்து நகரங்களில் கூடியது. ஒலிபெருக்கி கட்டாத, மாலை போடாத அப்படிப்பட்ட கூட்டத்தில் இருபது பேர் முன்னே நின்று, வாறுகாலின்மேல் யார் யாருடைய படி இருக்கிறது என்று படித்துக் காட்டுங்கள். பட்டியலின் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். இதைச் செய்தால் கட்சிக்காரன் சிரிப்பான், கடைக்காரன் கோபிப்பான். வாடிக்கையில் சிலர் குறைவார்கள் என்பதும் உண்மை. அந்த நட்டத்தைத் தாங்க முடியாதவர் உறை கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருக்கலாம். அவரிடம் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

சென்ற மாதம் ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். எங்கள் தெருவிலேயே கட்டடப் பொருள் கடை வைத்திருப்பவர்; நல்ல பிள்ளை, நாலு பேருக்கு உதவுகிறவர். "மாமா, அடுத்த தடவை நிற்கலாமென்று இருக்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார். நில் என்றேன். மகிழ்ந்தார். கிழக்குத் தெரு வாறுகால் வேலைக்குச் சிமெண்டு யார் கடையிலிருந்து போகிறது என்று கேட்டேன். சிறிது நேரம் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அண்ணன் பார்ப்பது, கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன் என்று எழுந்து போனார். போகும்போது என் கடையின் ஒற்றைப் படியில் கால் தடுக்கியது. மற்ற இரண்டையும் நானே இடித்துவிட்டேன், ஒன்றரை அடி உள்ளே தள்ளி இதைக் கட்டியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. இன்னும் திரும்பி வரவில்லை.